வெளிநாட்டுப் படிப்புக்குத் தயாராவது: வகுப்பு தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி

லண்டனில் செப்டம்பர் கடைசி வாரம் வகுப்பு தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்டில் விசா போட்டால் போதும், மூன்று வாரத்தில் முடிவு வந்துவிடும் என்று கணக்குப் போடுபவர்கள் நிறையப் பேர். மூன்று வாரம் என்பது பெரும்பாலும் சரிதான். ஆனால் விசாவுக்குப் பணம் காட்ட வேண்டும்; அந்தப் பணம் 28 நாள் குறையாமல் கணக்கில் கிடந்திருக்க வேண்டும். எவ்வளவு என்பது பல்கலைக்கழகம் தரும் ‘காஸ்’ என்ற உறுதிச்சான்றைப் பார்த்தால்தான் துல்லியமாகத் தெரியும். காஸ் வர முன்பணம் கட்டியிருக்க வேண்டும், சேர்க்கைக் கடிதத்தில் போட்ட நிபந்தனைகளும் தீர்ந்திருக்க வேண்டும். அவை தீர, கடைசி செமஸ்டர் மதிப்பெண்ணும் ஆங்கிலத் தேர்வு முடிவும் கையில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் ஆகஸ்ட் போய் ஏப்ரலில் வந்து நிற்கும்.

எந்த நாட்டுக்குப் போனாலும் இதே நிலைதான். ஒவ்வொரு தாளும் இன்னொரு தாளுக்காக வரிசையில் நிற்கிறது. அதனால் வகுப்பு தொடங்கும் நாளைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முதுகலைப் படிப்புக்கு 14 முதல் 16 மாதம் இருந்தால் நிம்மதி. 10 மாதத்தில் முடிக்கலாம், ஆனால் ஏதாவது ஒன்று சறுக்கினால் தாங்காது.

முதலில் கல்லூரியைச் சரிபாருங்கள்

தரவரிசைப் பட்டியலைப் பார்க்க எல்லாருக்கும் நேரம் இருக்கிறது. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அந்தக் கல்லூரிக்கு அரசு அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. பிரிட்டனில் ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல், அமெரிக்காவில் எஸ்இவிபி சான்று பெற்ற பள்ளிகளின் பட்டியல், கனடாவில் டிஎல்ஐ பட்டியல், ஆஸ்திரேலியாவில் கிரிக்கோஸ் பதிவேடு. நான்கும் அரசு இணையதளங்களில் யாரும் தேடிப் பார்க்கும்படி இருக்கின்றன. ஏஜென்ட் காட்டும் அச்சடித்த தாளை நம்பாமல் நீங்களே தேடுங்கள். கல்லூரியின் பெயர் மட்டுமல்ல, நீங்கள் படிக்கப்போகும் வளாகமும் அதில் இருக்க வேண்டும்.

கனடாவில் இன்னொரு நுணுக்கம். டிஎல்ஐ பட்டியலில் இருப்பதாலேயே அங்கே படித்து முடித்தவருக்குப் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி கிடைத்துவிடாது. அதற்குத் தனித் தகுதி உண்டு, அதே பட்டியலில் தனிப் பத்தியில் போட்டிருப்பார்கள். டிஎல்ஐ எண்ணின் முதல் எழுத்து ஆங்கில ‘ஓ’. அதைப் பூஜ்யம் என்று தட்டிவிட்டு, படிவம் ஏன் ஏற்க மறுக்கிறது என்று மணிக்கணக்கில் முழிப்பவர்கள் உண்டு.

மருத்துவம், சட்டம், கட்டடக்கலை, ஆசிரியப் பணி போன்ற படிப்பென்றால் பட்டம் வாங்கியபின் எந்த நாட்டில் தொழில் செய்யப் போகிறீர்கள் என்பதை இப்போதே யோசியுங்கள். அந்த நாட்டின் தொழில் கவுன்சில் இந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூன்று ஆண்டு கழித்துக் கேட்டால் பதில் மாறாது, உங்கள் நிலைமைதான் மாறியிருக்கும்.

பெயர்

விண்ணப்பத்தில் சிக்கல் வரும் இடங்களில் மிக அற்பமாகத் தெரிவதும் மிக அதிகமாகத் தொல்லை தருவதும் பெயர்தான். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் விரிந்து பின்னால், ஆங்கிலத் தேர்வில் இரண்டும் கலந்து. மனிதருக்கு இது ஒரே ஆள் என்று புரியும். கணினிக்கு மூன்று ஆள்.

பாஸ்போர்ட்டில் உள்ளதை உள்ளபடி, ஒரு எழுத்து பிசகாமல், எல்லா விண்ணப்பங்களிலும் பயன்படுத்துங்கள். பழைய சான்றிதழ்களில் வேறு மாதிரி இருந்தால், இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் எடுத்த உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டையே திருத்த வேண்டியிருந்தால் விண்ணப்பங்களைத் தொடங்கும் முன்பே திருத்திவிட வேண்டும். பாதியில் பாஸ்போர்ட் எண் மாறினால் தேர்வுப் பதிவு, சேர்க்கைக் கடிதம், விசாப் படிவம் என்று ஒவ்வொன்றையும் தேடிப்போய் மாற்ற வேண்டிவரும்.

ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க முறையில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விடும். முதல் பெயர் கட்டத்தில் ‘எஃப்என்யு’ என்று விழும். ‘முதல் பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கம் அது. வங்கி அட்டை, கல்லூரி மின்னஞ்சல், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் எஃப்என்யு என்ற புதுப்பெயரோடு அலைய வேண்டியிருக்கும். அது பிடிக்காவிட்டால் போகும் முன்பே பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்து வாங்கிவிடுங்கள்.

பாஸ்போர்ட் காலாவதித் தேதியையும் கவனியுங்கள். கனடாவின் படிப்பு அனுமதி பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டிப் போகாது. இரண்டு ஆண்டுப் படிப்புக்கு 14 மாதம் மட்டுமே மிச்சமிருக்கும் பாஸ்போர்ட்டோடு போனால், அங்கே போய் அனுமதி நீட்டிப்புக்கு மீண்டும் பணம் கட்ட வேண்டும்.

தேர்வுகள், தாள்கள்

ஐஇஎல்டிஎஸ், டோஃபல், பிடிஇ என்ற ஆங்கிலத் தேர்வுகள் மூன்றின் மதிப்பெண்ணும் இரண்டு ஆண்டு செல்லும். சில முதுகலைப் படிப்புகள் கேட்கும் ஜிஆர்இ தேர்வு ஐந்து ஆண்டு. அதனால் ஜிஆர்இயை முன்னால் முடித்துவிட்டு ஆங்கிலத் தேர்வைப் பின்னால் வைத்துக்கொள்வது நல்லது. ஐஇஎல்டிஎஸ்ஸில் ‘அகாடமிக்’ வகைதான் பல்கலைக்கழகத்துக்கு. ‘ஜெனரல்’ எழுதிவிட்டு வந்தால் முழுக்கட்டணமும் வீண். மொத்த மதிப்பெண் 7 இருந்தும் எழுத்துப் பகுதியில் 5.5 வந்ததால் சேர்க்கை நின்றுபோவது வாடிக்கை. பகுதிவாரியாகக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்பதைத் துறையின் பக்கத்தில் பாருங்கள், பல்கலைக்கழகத்தின் பொதுப்பக்கத்தில் அல்ல. இரண்டிலும் வேறு எண் இருந்தால் துறை சொல்வதுதான் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்.

டிரான்ஸ்கிரிப்டை (எல்லாப் பாட மதிப்பெண்ணும் அடங்கிய சான்றை) ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் எடுங்கள். பல கல்லூரிகள் மதிப்பெண் அளவுகோலை, அதாவது எத்தனைக்கு எத்தனை, தேர்ச்சிக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு என்பதை, பின்பக்கத்தில்தான் அச்சிட்டிருக்கும். இது ஏன் முக்கியம் என்பதற்கு ஜெர்மனிக் கணக்கு ஒன்று. அங்கே வெளிநாட்டு மதிப்பெண்ணை மாற்றத் திருத்தப்பட்ட பவேரியச் சூத்திரம் என்பதைப் பயன்படுத்துகிறார்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சிக் கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும். 10க்கு 8 எடுத்தவருக்கு, தேர்ச்சிக் கோடு 5 என்றால், 2ஐ 5ஆல் வகுத்து 3ஆல் பெருக்கினால் 1.2, ஒன்று கூட்டினால் 2.2. தேர்ச்சிக் கோடு 4 என்றால் அதே மாணவருக்கு 2.0. ஜெர்மனியில் எண் குறைந்தால் உசத்தி. சில படிப்புகளில் 2.0க்கு உள்ளே உள்ளவர்களைத்தான் எடுப்பார்கள். உங்கள் கல்லூரியின் உண்மையான தேர்ச்சிக் கோடு 4 என்று காட்டும் தாள் இல்லாமல், பார்ப்பவர் 5 என்று எடுத்துக்கொண்டால் வாய்ப்பு போய்விடும். தேர்வுக் கட்டுப்பாட்டாளரிடம் இதற்கென்றே ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டி முத்திரையிட்ட உறையில் தரும் டிரான்ஸ்கிரிப்டை ஆவலில் பிரித்துவிட வேண்டாம். பிரித்தால் அது வெறும் நகல்தான். ஐந்தாறு உறை வாங்கி, ஒன்றை மட்டும் உங்களுக்கென்று பிரித்துக்கொள்ளலாம்.

பரிந்துரைக் கடிதம் கேட்கும் பேராசிரியருக்கு ஆறு வாரமாவது அவகாசம் கொடுங்கள். அவரிடம் கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொந்த ஜிமெயிலில் இருந்து வரும் பரிந்துரையைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. நீங்கள் அவரிடம் எந்தப் பாடம் படித்தீர்கள், என்ன புராஜெக்ட் செய்தீர்கள், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் கடிதத்துக்கும் உயிர் வரும்.

பணம்: அதிகம் பேர் தடுக்கி விழும் இடம்

பல நாடுகள் வாழ்க்கைச் செலவுக்கென்று ஒரு தொகை வைத்திருக்கின்றன. ஜெர்மனியில் முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட வேண்டும். அங்கே போனபின் மாதம் 992 யூரோவாகக் கைக்கு வரும். கனடாவில் 2025 செப்டம்பர் முதல் தனி ஆளுக்கு 22,895 கனடிய டாலர், படிப்புக் கட்டணம் தனி, கியூபெக் மாகாணத்துக்கு வேறு கணக்கு. ஆஸ்திரேலியாவில் 2024 மே முதல் 29,710 ஆஸ்திரேலிய டாலர், அதற்கு மேல் கட்டணமும் பயணச் செலவும். அமெரிக்காவில் நாடு முழுக்க ஒரே தொகை என்று கிடையாது; பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் ஓராண்டுச் செலவு என்று போட்டிருக்கும் எண்தான் உங்கள் எண். இந்தத் தொகைகள் அடிக்கடி ஏறும். விண்ணப்பிக்கும் வாரம் அரசுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். சீனியர் சொன்ன எண் அவர் போன வருடத்து எண்.

விதி மிகக் கறாராக இருப்பது பிரிட்டனில். அதனால் அதையே விரித்துப் பார்ப்போம். 2025 நவம்பர் முதல் லண்டனுக்குள் மாதம் 1,529 பவுண்டு, லண்டனுக்கு வெளியே 1,171 பவுண்டு. அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்குக் காட்டினால் போதும். லண்டனில் ஓராண்டு முதுகலை, கட்டணம் 24,000 பவுண்டு, அதில் 4,000 முன்பணம் கட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சக் கட்டணம் 20,000. ஒன்பது மாதச் செலவு 13,761. ஆக 33,761 பவுண்டு.

இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். சராசரியாக அல்ல, ஒவ்வொரு நாளும். பதினேழாம் நாள் ஏதோ ஒரு பில்லுக்குப் பணம் எடுத்து இருப்பு 33,700 ஆகிவிட்டால், மறுநாளே திருப்பிப் போட்டாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். 28 நாள் முடிந்த தேதிக்கும் விண்ணப்பிக்கும் தேதிக்கும் இடையே 31 நாளுக்கு மேல் போகக் கூடாது. பணம் உங்கள் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்கலாம். பெற்றோர் என்றால் பிறப்புச் சான்றும் சம்மதக் கடிதமும் கூடவே வேண்டும். மாமா, சித்தப்பா, அண்ணன் கணக்குகள் எவ்வளவு கொழுத்திருந்தாலும் செல்லாது.

வேறு நாணயத்தில் பணம் வைத்திருப்பவர்கள் இம்மி பிசகாமல் 33,761க்குச் சமமாக வைத்துவிட்டு உட்காரக் கூடாது. மாற்று விகிதம் ஆடும். குறைந்தது பத்து சதவீதம் கூடுதலாகப் போட்டு வையுங்கள். அந்தக் கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் தவணை, சந்தா எல்லாவற்றையும் வேறு கணக்குக்கு மாற்றுங்கள். காஸில் முன்பணம் 4,000 கட்டியதாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் 24,000 முழுவதையும் காட்ட வேண்டியவர் ஆகிவிடுவீர்கள்.

28 நாள் விதி இல்லாத நாடுகளிலும், விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென்று பெரிய தொகை வந்து விழுந்தால் அதிகாரி புருவம் உயர்த்துவார். நிலம் விற்றதா, வைப்புத்தொகை முதிர்ந்ததா, கல்விக்கடனா? எதுவானாலும் அதற்கான தாள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கட்டணத்தை வங்கி வழியாக அனுப்பும்போது ஒரு சின்ன விஷயம் கழுத்தைப் பிடிக்கும். ஸ்விஃப்ட் என்ற வெளிநாட்டுப் பணப்பரிமாற்றப் படிவத்தில் கமிஷனை யார் ஏற்பது என்று மூன்று தேர்வு உண்டு: அனுப்புபவர், பெறுபவர், இருவரும். ‘இருவரும்’ என்று விட்டால் நடுவில் உள்ள வங்கி தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பும். பல்கலைக்கழகக் கணக்கில் இருபது சொச்சம் டாலர் பாக்கி என்று நிற்கும். அந்த இருபதுக்காகப் பாடப்பதிவு பூட்டப்படும். ‘அனுப்புபவர்’ என்று தேர்ந்தெடுங்கள். குறிப்புக் கட்டத்தில் மாணவர் எண்ணை எழுதுங்கள். பணம் அனுப்பியதற்கான ஸ்விஃப்ட் நகலை (பழைய பெயர் எம்டி103) வங்கியிடம் கேட்டு வாங்கி வையுங்கள்; பணம் எங்கே நிற்கிறது என்று தேட அந்த ஒரு தாள்தான் உதவும்.

விசா

அமெரிக்க எஃப்-1 விசாவுக்கு வரிசை இப்படி: ஐ-20 கைக்கு வந்ததும் அதில் ‘என்’ எழுத்தில் தொடங்கும் செவிஸ் எண்ணை (வெளிநாட்டு மாணவர் பதிவு எண்) கொண்டு 350 டாலர் ஐ-901 கட்டணம், பிறகு டிஎஸ்-160 என்ற இணைய விசா விண்ணப்பப் படிவம், பிறகு 185 டாலர் விசா விண்ணப்பக் கட்டணம், பிறகு நேர்காணல் தேதி. மூன்று பல்கலைக்கழகங்களின் ஐ-20 கையில் இருந்தால் உண்மையில் சேரப்போகும் ஒன்றின் எண்ணைத்தான் எல்லா இடத்திலும் போட வேண்டும். டிஎஸ்-160 கடந்த ஐந்து ஆண்டில் நீங்கள் பயன்படுத்திய சமூக வலைத்தளப் பெயர்களைக் கேட்கும். 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் அந்தக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். மறந்துபோன பழைய கணக்கை விட்டுவிட்டால் மறைத்ததாக ஆகும்.

நேர்காணல் இரண்டு மூன்று நிமிடம்தான். ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தக் கல்லூரி, யார் பணம் தருகிறார்கள், முடித்தபின் என்ன. மனப்பாடம் செய்த பதிலை அதிகாரி முதல் வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுவார், ஏனென்றால் அதே பதிலைக் காலையிலிருந்து முப்பது பேர் சொல்லியிருப்பார்கள். உங்கள் துறையில் எந்தப் பேராசிரியரின் வேலை உங்களுக்குப் பிடிக்கும், முதல் செமஸ்டரில் என்ன பாடம் எடுக்கப் போகிறீர்கள் என்பது தெரிந்திருந்தால் பேச்சு தானாக வரும்.

ஆஸ்திரேலியாவில் நேர்காணலுக்குப் பதில் எழுத்துக் கேள்விகள். 2024 மார்ச்சில் பழைய ‘தற்காலிக வருகையாளர்’ அறிக்கையை எடுத்துவிட்டு ‘உண்மையான மாணவர்’ என்ற தேவையைக் கொண்டுவந்தார்கள். பழைய மாதிரி நீண்ட கட்டுரையை ஒட்டினால் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்காது. விண்ணப்பக் கட்டணம் 2025 ஜூலை முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர். மறுத்தாலும் திரும்பாது என்பதால் அவசரமாக அனுப்ப வேண்டாம்.

முன்பு எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டிருந்தால் சொல்லிவிடுங்கள். மறுப்பு ஒரு குறை மட்டுமே, மறைப்பது குற்றம். பொய்த்தகவல் என்று நிரூபணமானால் கனடாவில் ஐந்து ஆண்டு, பிரிட்டனில் பத்து ஆண்டு வரை தடை விழும். போலித் தாளை ஏஜென்ட் வைத்தார், எனக்குத் தெரியாது என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாது; கையெழுத்து உங்களுடையது. ஏஜென்ட் அனுப்பிய முழு விண்ணப்பத்தின் நகலைப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

கனடாவுக்கு 2024 ஜனவரி முதல் மாகாண உறுதிக் கடிதமும் வேண்டும். 2026 ஜனவரியிலிருந்து அரசுக் கல்வி நிறுவனங்களில் முதுகலை, முனைவர் படிப்புக்குப் போகிறவர்களுக்கு விலக்கு, இளங்கலைக்கு விலக்கில்லை.

உடல்நலம்

சேர்க்கைக் கடிதம் வந்த வாரமே தடுப்பூசிப் படிவத்தைத் தேடுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசி) இரண்டு தவணை கேட்கும். இரண்டுக்கும் இடையே குறைந்தது 28 நாள் வேண்டும். புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது நினைவு வந்தால் இரண்டாவது தவணையை அங்கே போய்ப் பல மடங்கு விலையில் போட வேண்டியிருக்கும். காசநோய்ப் பரிசோதனையும் கேட்டிருந்தால் அதை எம்எம்ஆர் போடும் நாளிலோ அதற்கு முன்போ எடுத்துவிடுங்கள். ஊசி போட்டபின் நான்கு வாரத்துக்குள் எடுத்தால் முடிவு தவறாக வரக்கூடும்.

பிரிட்டன் விசாவுக்குக் காசநோய்ச் சான்று குறிப்பிட்ட நாடுகளில் வசிப்பவர்களுக்கு மட்டும் தேவை. அவர்கள் அங்கீகரித்த மருத்துவமனையில் எடுத்தால்தான் செல்லும், ஆறு மாதம்தான் செல்லும்.

பல், கண் இரண்டையும் கிளம்பும் முன் முடித்துக்கொள்ளுங்கள். மாணவர் காப்பீடு பெரும்பாலும் இவற்றைத் தொடாது. மூக்குக்கண்ணாடி இரண்டு ஜோடி, அளவுச் சீட்டு ஒன்று. தினமும் மருந்து சாப்பிடுபவர்கள் மூன்று மாத மருந்தை அதன் அட்டைப்பெட்டியோடு, மருந்தின் வேதிப்பெயர் எழுதிய மருத்துவர் கடிதத்தோடு கொண்டுபோகலாம். ஆனால் எல்லா மருந்தும் எல்லா நாட்டுக்கும் போகாது. ஏடிஎச்டி என்ற கவனக்குறைபாட்டு நோய்க்குத் தரும் ஆம்ஃபெட்டமின் மருந்துகளை ஜப்பானுக்குள் சீட்டு இருந்தாலும் கொண்டுபோகவே கூடாது.

காப்பீட்டில் தேதியைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் ஓஎஸ்எச்சி என்ற வெளிநாட்டு மாணவர் சுகாதாரக் காப்பீடு விசாக் காலம் முழுக்க இருக்க வேண்டும், படிப்பு முடியும் நாளோடு நின்றால் போதாது. பிரிட்டனில் மாணவர்கள் விசாவோடு சேர்த்தே ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டுகிறார்கள். இதைச் செலவுக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுவது வழக்கம்.

தங்குமிடம்

முதல் ஆண்டு பல்கலைக்கழக விடுதி கிடைத்தால், கொஞ்சம் விலை கூடுதலானாலும் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வெளியே வீடு தேடுவோரைக் குறிவைத்தே மோசடி நடக்கிறது. படம் அழகாக இருக்கும், வாடகை சந்தையைவிடக் குறைவு, உரிமையாளர் ‘வெளியூரில்’ இருப்பார், சாவியைக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்வார், முன்பணம் மட்டும் உடனே வேண்டும். அந்தப் படத்தைக் கூகுளின் படத்தேடலில் போட்டுப் பாருங்கள், வேறொரு நகரத்து விற்பனை விளம்பரத்தில் அதே சமையலறை வரும். நேரிலோ, நம்பகமான ஒருவர் வீட்டுக்குள் நின்று பேசும் வீடியோ அழைப்பிலோ பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டாம். வழியில்லையென்றால் முதல் இரண்டு வாரத்துக்குப் பயணிகள் தங்கும் ஹாஸ்டல் எடுத்துக்கொண்டு அங்கே போய்த் தேடலாம்.

ஜெர்மனி போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இந்த முகவரியில் பதிவு செய்ய உரிமையாளர் கையெழுத்துப் போட்டுத் தருவாரா? குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது அங்கே சட்டம். அதற்கு உரிமையாளரின் உறுதிச்சீட்டு வேண்டும். மாட்டேன் என்பவர் வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். முகவரிப் பதிவு இல்லாவிட்டால் குடியிருப்பு அனுமதி வரை அடுத்தடுத்து எல்லாம் இழுபடும். வைப்புத்தொகை அங்கே அடிப்படை வாடகையின் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது, மூன்று தவணையாகக் கட்டவும் உரிமை உண்டு.

பெட்டி கட்டும்போது

தாள்கள் எல்லாம் கைப்பையில்: பாஸ்போர்ட், விசா ஆவணம், சேர்க்கைக் கடிதம், பணம் காட்டிய தாள்கள், கட்டண ரசீது, தங்குமிட முகவரி, தடுப்பூசிச் சான்று. பெரிய பெட்டி வேறு நகரத்துக்குப் போய்விட்டாலும் குடிநுழைவு மேசையில் நீங்கள் தப்பிக்க வேண்டும். அசல் சான்றிதழ்களை மடிக்காமல் ஒரு கோப்பில் வையுங்கள். ஸ்கேன் நகல் ஒன்று மேகச் சேமிப்பில், ஒன்று வீட்டில்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். சரக்குப் பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள். வரம்பு 100 வாட்-மணி. மில்லி ஆம்பியர்-மணியை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் தெரியும்: 20,000 என்றால் 74, போகலாம், 30,000 என்றால் 111, விமான நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் போகாது.

மடிக்கணினி சார்ஜரில் ‘100–240’ என்று எழுதியிருந்தால் முனை மாற்றி மட்டும் போதும். 230 வோல்ட்டுக்குச் செய்த முடி உலர்த்தியையோ கெட்டிலையோ அமெரிக்காவுக்குத் தூக்கிப்போக வேண்டாம். 120 வோல்ட்டில் அது கால் பங்கு சக்தியில்தான் ஓடும். தண்ணீர் கொதிப்பதற்குள் வகுப்பே முடிந்துவிடும்.

பழைய தொலைபேசி எண்ணை அணைத்துவிடாதீர்கள். சொந்த நாட்டு வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் வரும். ரோமிங்கில் குறுஞ்செய்தி வருமாறு புறப்படும் முன்பே செய்து, வேறு நெட்வொர்க் சிம் ஏற்கும் போனா என்றும் சோதியுங்கள்.

இறங்கியதும்

விசா வேறு, தங்கும் அனுமதி வேறு. விசா உங்களை வாசல்வரை கொண்டுவிடும். எவ்வளவு நாள், எந்த நிபந்தனையில் என்பதை வாசலில் இருப்பவர்தான் எழுதுகிறார். கனடாவில் படிப்பு அனுமதித் தாளை விமான நிலையத்தில்தான் அச்சிட்டுத் தருவார்கள். மேசையை விட்டு நகரும் முன் பெயர், பிறந்த தேதி, முடியும் தேதி, வேலை செய்யலாம் என்ற வரி நான்கையும் படியுங்கள். அந்த இடத்தில் திருத்த இரண்டு நிமிடம். வெளியே வந்துவிட்டால் மாதக்கணக்கு. அமெரிக்காவுக்குள் படிப்பு தொடங்கும் தேதிக்கு 30 நாள் முன்னதாகத்தான் நுழைய முடியும். நுழைந்ததும் ஐ-94 என்ற நுழைவுப் பதிவை இணையத்தில் இறக்கிப் பாருங்கள். எஃப்-1 என்பதற்குப் பதில் சுற்றுலா வகை என்று தவறுதலாக விழுந்திருந்தால் உடனே கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் சொல்லுங்கள்.

பகுதிநேர வேலைக்கு வரம்பு ஒவ்வொரு நாட்டிலும் வேறு. அமெரிக்காவில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்கு 20. கனடாவில் வளாகத்துக்கு வெளியே 24. ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48. ஜப்பானில் தனி அனுமதி வாங்கியபின் 28. ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். பிரிட்டனில் வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 10, அடுத்த வாரம் 30, சராசரி 20தானே என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

அமெரிக்காவில் இளங்கலை மாணவர் செமஸ்டருக்கு 12 கிரெடிட்டுக்குக் கீழே போகக் கூடாது. கணக்குப் பாடம் கடினமாக இருக்கிறது என்று ஆறாவது வாரம் இணையத்தில் ஒரு பொத்தானை அழுத்தி விலகினால் 9 ஆகிவிடும், அனுமதியும் போய்விடும். முதலில் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே விலக வேண்டும். முதல் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போதும் அதே அலுவலகத்துக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கும்: ஐ-20இல் பயணக் கையெழுத்து வாங்க. அது ஓராண்டு செல்லும். டிக்கெட் போடும் நாளிலேயே கேட்டுவிடுங்கள், தேர்வு வாரத்தில் அங்கே வரிசை நீளம்.